இரண்டாவது தையல்

குதிரைகளுக்கு என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு நான் குதிரையின் தலையில் பழியைப் போடப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. மலியாவின் பண்ணைக்கு நான் முதன்முதலாகப் போன அன்று என்னை ஒரு கிழட்டுக் குதிரையில் ஏற்றினார்கள். அது நாலெட்டு நடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கழுத்தைத் திருப்பி என் முழங்காலை மோந்து பார்த்தது. பிறகு, இந்த ஆளோடு இனி ஓரடியும் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டது. வேலியில் சாய்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான தீர்மானம்தான்.

தம்பி கோதண்டராமன், இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது தயவுசெய்து பகிடியைப் பகிடியாகவே மாற்றுங்கள். நேற்று நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அங்கிள், கொஞ்சம் மெதுவா பேசுங்க, உங்க தமிழ் எனக்குப் பாதிதான் புரியுது" என்றீர்கள். "நாங்கள் பேசிறேல்லை தம்பி, கதைக்கிறனாங்கள். அதுதான் பிரச்சினை" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். என்ன சிரிப்பு என்று பொலிஸ் சார்ஜன்ட் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஒரு மனிதன் வேடிக்கையாகச் சொன்னதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், அவன் வேறு ஆளாகிவிடுவான். அதனால்தான் கடதாசி கேட்டு வாங்கி, என் கையாலேயே எழுதுகிறேன்.

என் பெயர் யோகராஜா. கிளென் ஈடனில் ஒரு பட்டறையில் குஷன் வேலை செய்கிறேன். சோபா, கார் ஆசனம், ஒருமுறை ஒரு பல் வைத்தியரின் நாற்காலி. தோலும் துணியும் என் சொல்வழி கேட்கும். வீடு லின்ஃபீல்டில். மகன் ஜொனாதன் டனீடனில் படிக்கிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்லமாட்டான். மனைவி பெயர் சிசிலியா. எங்கள் கலியாணம் நடந்து இருபத்திரண்டு வருடம். இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் அவள்மேல் கை வைத்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் தேநீருக்கு இருக்கும்போது என்னுடைய மேசையில்தான் இடம் தேடி வருவார்கள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சிசிலியா புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வெங்காயம் ஓடும் பெல்ட்டின் மறுகரையில் அவளுக்கு நேரே நின்றவள்தான் மலியா. ஹவாய்த் தீவுக்காரி. ஒரு நியூசிலாந்துக்காரனைக் கட்டி இங்கே வந்தவள். அவன் செத்துப்போக, சிறிய பண்ணையொன்றும் ஏழெட்டுக் குதிரைகளும் அவளுக்கு மிஞ்சின. அவளுடைய பரம்பரை முழுக்க மாட்டுப் பண்ணைக்காரர். பனியோலோ என்று அவர்களைச் சொல்வார்களாம். அமெரிக்காவில் கவ்பாய் பிறப்பதற்கு முன்பே எங்கள் ஆட்கள் மாட்டைக் கயிறெறிந்து பிடித்தார்கள் என்பாள். ஒவ்வொரு சனத்துக்கும் இப்படி ஒன்று இருக்கும். நாங்களும் கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தைப் பற்றிச் சொல்வதில்லையா. நான் தலையாட்டிக் கேட்டேன்.

மலியா சனிக்கிழமைகளில் பெண்களைச் சேர்த்துக் குதிரை பழக்கினாள். டொங்கா நாட்டுக்காரி ஒருத்தி, மாவோரிச் சகோதரிகள் இருவர், பிறகு என் மனைவி. நாலு பேரும் ரோடியோ என்ற குதிரை விளையாட்டுப் போட்டிகளுக்குப் போவார்கள். மூன்று பீப்பாய்களை வைத்து, குதிரையை அவற்றைச் சுற்றி வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். யார் வேகமோ அவர் வென்றவர். கன்றுக்குட்டிக்குக் கயிறு எறிவதும் உண்டு. என் மனைவிக்கு நாற்பத்தைந்து வயது. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவள்.

அவளுக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு மலியா சொல்லித்தான் தெரியும். சிசிலியா நெடுந்தீவில் பிறந்தவள். அங்கே கடற்கரை வெளியில் குதிரைகள் தம்பாட்டில் திரிவது ஊரறிந்த விஷயம். ஆனால் அவள் சின்ன வயதில், தகப்பன் கடலுக்குப் போன நேரம் பார்த்து, சேணமும் இல்லாமல் கடிவாளமும் இல்லாமல், பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு அவற்றில் ஏறி ஓடினவள் என்பது ஊருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் ஒரே கட்டிலில் எனக்குச் சொல்லாததை, வெங்காயம் பொறுக்குகிற இடத்தில் ஒரு ஹவாய்க்காரிக்குச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் அதையும் ஒரு பகிடியாக்கிப் போடுவியள் எண்டுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் காணாது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் குதிரை மணத்தது. கொரோலாவின் பின்சீற்றில் நான் போட்ட புது உறையில் வைக்கோல் குத்திக்கொண்டிருந்தது. உடுப்புக் காயப்போடும் கொடியில், பதனிடாத தோலில் பின்னிய கயிறு எண்ணெய் பூசித் தொங்கியது. அதைப் பின்னுகிற முறையை மலியாவிடம் படித்திருந்தாள். மலியாவுக்கு அவளுடைய தாய் பழக்கியதாம். முன்வளவில் நின்று தபால் பெட்டிக்குச் சுருக்கு எறிந்து பழகுவாள். ஒருநாள் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போன என் தலைக்கு மேலால் கயிறு வந்து, தோளில் விழுந்து, கையோடு சேர்த்து இறுகியது. நான் பையோடு நின்றேன். பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் பார்த்துக் கைதட்டினார். சிசிலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். "இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னமே விழுந்த கயிறுதானே" என்றேன். அந்த வாக்கியத்துக்கு அவள் சிரிக்கவில்லை. அதற்கு முன்னரே சிரித்து முடித்துவிட்டாள்.

இதைத்தான் நான் விளங்கப்படுத்த விரும்புகிறேன். எனக்குக் குதிரையோடு பிரச்சினை இல்லை, மலியாவோடு பிரச்சினை இல்லை. என் மனைவி என் பகிடிகளுக்குச் சிரிப்பதை விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பண்ணையில் அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். அவள் பிளம் என்ற மண்ணிறப் பெண்குதிரையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். ஒரு பகிடியும் இல்லாமல் ஒரு மனுசி அப்படிச் சிரிக்கிறதை நான் பார்த்ததில்லை. காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் போன மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்கு விளங்கியது.

தேவாலயத்திலும் கதை பரவியது. இராசநாயகம் அண்ணை தேநீர்க் கோப்பையோடு வந்து, "என்ன யோகு, மனிசி குதிரை ஓடுறாவாம். அப்ப நீர் புல்லுப் பிடுங்கிறீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. எனக்கும் ஒரு பிடி மிச்சம் வைக்கிறா, குறை சொல்லக்கூடாது" என்றேன்.

மேசை அதிரச் சிரித்தார்கள். சிசிலியா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஹவாய்க் கதை வந்தது. ஜூன் மாதத்தில் அங்கே அவர்களுடைய பழைய அரசனின் நாளுக்கு ஊர்வலம் நடக்கும். பெண்கள் நீளத் துணியைச் சுற்றிக்கொண்டு குதிரையில் போவார்கள். அதற்குப் பிறகு ஜூலையில் ரோடியோ. மலியா போகிறாள், சிசிலியாவையும் வரச் சொல்கிறாள். தங்குவதற்கு மலியாவின் தங்கையின் பண்ணை. மூன்று மாதம்.

"மூண்டு மாசம்தானே" என்றாள் சிசிலியா. கயிற்றுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"மூண்டு மாசத்துக்கு நான் என்னத்தைச் சாப்பிடுறது?"

"உங்களுக்குச் சமைக்கத் தெரியும். என்னைவிட நல்லாச் சமைப்பியள்."

"அப்ப ஆர் என்ர பகிடிக்குச் சிரிக்கிறது?"

அவள் கயிற்றைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கத்துக்கும் பூசினாள். "அதுக்கு ஊர் முழுக்க ஆக்கள் இருக்கினம், அப்பா."

ஜொனாதனுக்கு டெலிபோன் எடுத்தேன். "லெட் ஹர் கோ, டாட்" என்றான். அவள் போகட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் திரும்பி வருவாள் என்று யாராவது சொன்னார்களா என்றால், இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இனித் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார்ஜன்ட்டுக்கு இந்த இடம் முக்கியம்.

அந்த ஊர்வலத் துணிக்குப் பாஊ என்று பெயர். தைத்த பாவாடை இல்லை. எங்கள் சேலையைப் போல இரண்டு மடங்கு நீளம். காற்சட்டைக்கு மேலால் இடுப்பில் சுற்றி, குதிரையில் ஏறியதும் இருபக்கமும் விரித்துவிட வேண்டும். கால் வைக்கும் அங்கவடிக்குக் கீழே, குதிரையின் முழங்கால்வரை தொங்கும். ஊசி இல்லை, பொத்தான் இல்லை, முடிச்சு இல்லை. பாக்கைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுத்த கொட்டை, ஹவாயில் விளைகிறது. அதைத் துணிக்குள் வைத்து முறுக்கி இடுப்பில் செருகிவிடுவார்கள். அப்படி ஐந்தாறு கொட்டைகள். அவ்வளவுதான் பிடிப்பு. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நிறம் உண்டாம். மலியாவின் தீவுக்குச் சிவப்பு. "நானும் தீவுக்காரிதானே" என்று சொல்லி, சிசிலியா அலுமாரியைத் திறந்து தன்னுடைய கூறைச்சேலையை எடுத்தாள்.

கலியாணத்தன்று கோயிலில் வெள்ளைச் சேலை. பெண் வீட்டுக்கு வந்ததும் நான் கொடுத்த கூறையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு அது அலுமாரியிலேயே இருந்தது. அதையும் இன்னொரு சிவப்புப் பட்டையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும்படி என்னிடம்தான் கேட்டாள். தைத்துக் கொடுத்தேன். இரண்டு பட்டும் எங்கே சந்திக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாத தையல். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

ஏப்ரல் கடைசியில், அந்தப் பருவத்தின் கடைசி ரோடியோ மலியாவின் பண்ணையிலேயே நடப்பதாக இருந்தது. முதலில் பாஊ ஊர்வலம், பிறகு பீப்பாய் ஓட்டம். ஊர்வலம் முடிந்து மணி அடித்ததும் பெண்கள் கொட்டைகளைப் பிடுங்குவார்கள். துணி தானாகக் கழன்று விழும். இறங்கி, சேணத்தின் பட்டியை இறுக்கி, காற்சட்டையோடு மறுபடி ஏறிப் போட்டிக்குப் போவார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் துணி உடுத்தி மடிப்புச் சரிசெய்துவிட ஓர் ஆள் வேண்டும். மற்றவர்களுக்குத் தங்கையோ மகளோ வந்தார்கள்.

"நீங்கள் வாருங்கோவன்" என்றாள் சிசிலியா. "உங்களுக்குத்தானே துணி சொல்வழி கேக்கும்."

மாதக்கணக்கில் அவள் என்னை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான். இதை நான் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலியா முன்கூட்டியே என்னை அழைத்து முறுக்கிச் செருகக் காட்டித்தந்தாள். நான் வழக்கம்போல, "ஒரு சேப்டி பின் குத்தினால் இன்னும் நல்லாயிருக்குமே, எங்கள் பெண்கள் பின் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்கள்" என்றேன். மலியா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: பின் குத்தாதே, தைக்காதே, முடிச்சுப் போடாதே. குதிரையிலிருந்து விழுகிறவளைத் துணி விட்டுவிட வேண்டும். விடாத துணி ஆளைக் கொல்லும். அவளுடைய ஊரில் அப்படி ஒருத்தி செத்தாளாம். விளங்கியதா என்று கேட்டாள். விளங்கியது என்றேன். இரண்டாம் முறையும் கேட்டாள். இரண்டாம் முறையும் விளங்கியது.

அந்தக் கிழமை பட்டறையில் இரண்டு வாரம் லீவு சொல்லி வைத்தேன். வீட்டிலும் சில சில்லறை வேலைகளைச் செய்து முடித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. மழை இல்லை. இருநூறு பேர்வரை வந்திருப்பார்கள். தேவாலயத்திலிருந்தும் ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள், இராசநாயகம் அண்ணை உட்பட. நான் சிசிலியாவுக்குத் துணியைச் சுற்றி, கொட்டைகளை முறுக்கிச் செருகினேன். அவள் பிளம்மில் ஏறினாள். தொப்பியில் மலியா கட்டிக்கொடுத்த பூமாலை. கூறையை இருபக்கமும் விரித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். சட்டைப் பையில் வளைந்த ஊசியும் மெழுகு நூலும் இருந்தன. தொழில்காரனுடைய பையில் அவை இருப்பது வழக்கம்தான்.

முதல் தையலைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இடுப்பில், முறுக்குகளுக்குக் கீழே, துணியோடு துணியைச் சேர்த்துப் போட்டது. ஆரம்பத்திலேயே யாராவது நேரே கேட்டிருந்தால் அதை நான் ஒப்புக்கொண்டிருப்பேன். எங்கள் ஆட்களிடம் கேளுங்கள். ஒரு பெண் இத்தனை பேருக்கு முன்னால் சேலையோடு போகிறாள். அது எந்த நேரமும் கழன்று விழலாம். எந்தப் புருஷன்தான் ஒரு தையல் போடாமல் விடுவான். அவளும் ஊசியின் இழுவையை உணர்ந்து குனிந்து பார்த்தாள்.

"என்ன செய்யிறியள்?"

"ஒரு பிடிப்பு."

"மலியா ஏசுவா."

"மலியாவுக்குக் கூறைச்சேலையைப் பற்றி என்ன தெரியும்? கலியாணத்தண்டு இந்தச் சேலையோட உன்னை ஏத்தின மொரிஸ் மைனர் ஞாபகம் இருக்கோ? ஆனைக்கோட்டைச் சந்தியில நிண்டு போச்சு. கோட்டும் சூட்டுமா நான்தான் தள்ளினனான். இதெண்டால் பரவாயில்லை. தள்ளத் தேவையில்லை."

அவள் சிரித்தாள்.

தலையைப் பின்னால் சாய்த்து, தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, அந்தப் பண்ணையில் தனியாகச் சிரித்தது போலச் சிரித்தாள். "அண்டைக்கு உங்கட சப்பாத்தெல்லாம் சேறு" என்றாள். என்னுடைய பகிடிக்குத்தான் சிரித்தாள். குதிரைக்கு இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு வடிவாக இருந்தாள்.

இரண்டாவது தையலை அதற்குப் பிறகுதான் போட்டேன்.

சேணத்தின் பக்கத்தில் சாமான் கட்டுவதற்குத் தோல் வார் ஒன்று தொங்கும். அந்த வாரோடு கூறையின் உள்மடிப்பைச் சேர்த்து, சோபாவின் பொத்தானை இறுக்குவது போல இழுத்து, முடிச்சுப் போட்டேன். வெளியே தெரியாது. அவள் சிரித்த பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று சார்ஜன்ட் நேற்று இரண்டு தடவை கேட்டார். நல்ல கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். நூல் கோத்தாயிற்று, ஊசி துணிக்குள் இறங்கியாயிற்று. பாதியில் விடுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

நான் நினைத்தது மிகச் சின்ன விஷயம். மணி அடிக்கும், அவள் இறங்குவாள், துணி பிடித்து இழுக்கும், கால் மடங்கி விழுவாள். ஒரு கணுக்கால், மிஞ்சினால் ஒரு முழங்கால். ஆறு கிழமை பிளாஸ்டர். ஜூன் மாதம் கட்டிலில் போகும். விமானம் போய்விடும். நான் சமைத்துக் கொடுப்பேன், தலை சீவிவிடுவேன், பக்கத்தில் இருந்து பகிடி சொல்வேன். எங்கேயும் எழும்பிப் போக முடியாத ஒருவருக்குச் சொல்லும் பகிடி வீண் போவதில்லை.

ஊர்வலம் நன்றாக நடந்தது. நாலு பெண்களும் வட்டமாக வந்தார்கள். கூறையின் சரிகையில் வெயில் பட்டபோது, தேவாலய ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். இராசநாயகம் அண்ணை என் முதுகில் தட்டி, "டேய் யோகு, ராணி மாதிரி இருக்கிறாளடா" என்றார். அந்த மனிதருடைய கண் கலங்கியிருந்தது. மணி அடித்தது. சிசிலியா கொட்டைகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாக என்னை நோக்கி எறிந்தாள். ஒன்றைப் பிடித்தேன். பிறகு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டு இறங்கினாள்.

துணி அவளை விடவில்லை. சேணத்தையும் விடவில்லை. அவள் நிலத்துக்கு வந்து சேராமல், தலைகீழாகத் தொங்கினாள். வயிற்றுக்குக் கீழே சிவப்பாக எதுவோ படபடப்பதைக் கண்டு பிளம் வெருண்டு பாய்ந்தது. ஓட்டத்துக்குரிய பீப்பாய்களை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். முதல் பீப்பாய் வரும்வரை, இதுவும் ஒரு வித்தை என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். நன்றாகப் பழகிய குதிரை. மூன்று பீப்பாய்களையும் முறைப்படி சுற்றிவிட்டுத்தான் நின்றது.

மலியாதான் முதலில் ஓடிப் போய்க் கத்தியால் கூறையை அறுத்தாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். கையில் கொட்டை இருந்தது.

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள். விசாரிக்க வந்தவர்கள், துணி ஏன் தைத்திருந்தது என்று சிசிலியாவிடம் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அது என்ர பழக்கம்தான். பின் குத்தாமல், தைக்காமல் எங்கட பொம்பிளையளுக்கு ஏலாது" என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தமிழ் ஆட்களில் ஒருத்தி, ஸ்வர்ணா என்ற இந்தியத் தாதி, அதை ஆங்கிலத்தில் சொன்னாள். "ஆமா, நாங்க எல்லாருமே அப்படித்தான்" என்று தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டாள். எழுதிக்கொண்டு போனார்கள். சிசிலியா வாழ்நாளில் சேலைக்கு ஒரு பின்கூடக் குத்தியவள் இல்லை. அது அவளுடைய பெருமை. எனக்காக அதையும் விட்டுக்கொடுத்தாள். நான் போட்டது ஒரு தையல்தான் என்று அவள் அப்போது நினைத்திருந்தாள்.

பழி முழுக்க மலியாமேல் விழுந்தது. துணியை அவள் சரிபார்த்திருக்க வேண்டும் என்றார்கள். பண்ணையில் இனிப் போட்டி நடத்தக் கூடாது என்று தடை வந்தது. மற்றப் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். குதிரையைச் சுட்டுவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, வேண்டாம், வாயில்லாச் சீவன் என்று முதலில் சொன்னவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மலியா லின்ஃபீல்ட் வீட்டுக்கு வந்தாள். கூறையைக் கழுவி மடித்துக் கொண்டுவந்திருந்தாள், இரண்டு துண்டாக. வாசலிலேயே முழங்காலில் விழுந்து அழுதாள். என்னை மன்னித்துவிடு, ஏறின பிறகு ஒருமுறை பார்த்திருந்தால் போதும், நான் பார்க்கவில்லை என்றாள். அவளைத் தூக்கி எழுப்பி, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனி எத்தனை என்று கேட்டேன். நடந்தது நடந்துபோச்சு, யாரையும் நான் குறை சொல்லவில்லை என்றேன். என் மனம் இளகியது. இந்த மனுசியை மன்னித்துவிட்டேன் என்றே அந்த நேரம் உண்மையாக உணர்ந்தேன்.

குதிரைகளை விற்கத் தீர்மானித்துத்தான் அவள் சேணங்களைத் துடைக்கத் தொடங்கியிருக்கிறாள். பிளம்மின் சேணத்து வாரில் மெழுகு நூலைக் கண்டாள். சென்ற வருடம் அவளுடைய டிரக்கின் ஆசனத்துக்கு இனாமாக உறை தைத்துக் கொடுத்தது நான்தான். போய், அந்த ஆசனத்துக்கு அடியில் என்னுடைய முடிச்சைப் பார்த்தாள். திரும்பி வந்து வாரைப் பார்த்தாள். அதற்கப்புறம் உங்களிடம் வந்தாள். நான் ஒரே முடிச்சைத்தான் எல்லாவற்றுக்கும் போடுவேன். அவிழாத முடிச்சு.

இப்போது முழுவதும் எழுதிவிட்டேன். இரண்டு தையலையும் போட்டது நான். தெரிந்துதான் போட்டேன். மலியா சொன்னது எனக்கு விளங்கியிருந்தது. அவள்மீதுள்ள தடையை எடுத்துவிடுங்கள்.

சிசிலியாவிடம் இரண்டாவது தையலைப் பற்றிச் சொன்னீர்களாம். அவள், லின்ஃபீல்ட் வீட்டுக்குப் போகப்போவதில்லை, மலியாவின் பண்ணைக்குத்தான் போவேன் என்றாளாம். இதைச் சார்ஜன்ட் சொன்னபோது, தம்பி, நீங்கள் மொழிபெயர்க்கத் தயங்கினீர்கள். எனக்கு ஆங்கிலம் விளங்கும். பரவாயில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர்கள் பல மாதிரியும் பேசுவார்கள். நானில்லாமல் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கோபம் ஆறும்.

வீட்டில் சில சில்லறை வேலைகள் செய்ததைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா. எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பூட்டியிருக்கிறது. இதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ரோடியோவுக்கு முந்திய வியாழக்கிழமை நான் பூட்டியது. அவள் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது, தோளும் இடுப்பும் எந்த உயரத்தில் வருகின்றன என்று கண்ணால் அளந்தேன். "என்ன பாக்கிறியள்?" என்றாள், வாய் நிறைய நுரையோடு. "சும்மா. வடிவா இருக்கிறாய்" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஒரு கால் முறிந்தவள் மறுகாலில் நின்று பிடித்துக்கொள்வதற்கென்று பூட்டிய கம்பி. நிற்கிறவளுக்குரிய உயரம். சக்கர நாற்காலிக்கு அது எட்டாது, ஒரு முழமாவது கீழே இறக்க வேண்டும். சுவருக்குள் மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும், வேறு யாராவது துளைத்தால் சுவர் உடைந்துவிடும். என்னை அரை நாள் மட்டும் வீட்டுக்கு விடச் சொல்லிச் சார்ஜன்ட்டிடம் கேளுங்கள், தம்பி. அவள் வருவதற்குள் அதைச் சரிசெய்துவிடுவேன்.